நரைத்த தாடி நிழலில் என்ன அளவு? ஒரு டிஜிட்டல் முகச்சித்திரத்தின் செய்முறைப் பதிவு

பெரியப்பாவின் முகத்தை டிஜிட்டலில் வரைய உட்கார்ந்தபோது ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். சாம்பல் நிறத்திலேயே முகம் திரண்டு நிற்கும்வரை வண்ணத்தைத் தொடக் கூடாது. அவருக்குக் கறுத்த தோல், முழுக்க நரைத்த தாடி. அன்றைக்குப் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்ற அளவைத்தான் வரைகிறவர்கள் வேல்யூ என்கிறோம். அதைப் படிக்க இப்படிப்பட்ட முகம் வாய்ப்பது அரிது. வெள்ளைப் பொருளும் கறுத்த பொருளும் ஒரே முகத்தில் ஒட்டி இருக்கின்றன. இரண்டின் மீதும் வெளிச்சமும் நிழலும் விழுகின்றன. நிழலில் இருக்கும் வெள்ளை, வெளிச்சத்தில் இருக்கும் கறுப்பு, இந்த இரண்டில் எது இருட்டு என்று பதில் தெரிந்துவிட்டால் பாதிப் படம் முடிந்த மாதிரி.

மென்பொருள் கிரிட்டா. கூடவே ஒரு பென் டேப்லெட். கீழே சொல்வதெல்லாம் லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்), லேசோ (ஒரு வடிவத்தைச் சுற்றி வளைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவி), கலர் பிக்கர் (தொட்ட இடத்தின் நிறத்தை எடுக்கும் கருவி) உள்ள எந்த மென்பொருளிலும் செய்யக்கூடியதுதான். அளவுகளை 0 முதல் 100 வரை சொல்கிறேன்: 0 முழுக் கறுப்பு, 100 திரையின் முழு வெள்ளை.

விளக்கும் புகைப்படமும்

அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேசை விளக்கைப் படத்தின் இடப்பக்கமாக, அவர் தலைக்குச் சற்று மேலே, கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தேன். விளக்கிலிருந்து நெற்றிக்கு 60 செ.மீ., மார்புக்கு 90 செ.மீ. இந்த இரண்டையும் அளந்து வைத்துக்கொண்டது பிறகு நன்றாகக் கைகொடுத்தது. விளக்கிலிருந்து விலக விலக ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் ஒன்றரை மடங்கானால் ஒளி இரண்டேகாலில் ஒரு பங்காகிவிடும். அதாவது நெற்றிக்குக் கிடைப்பதில் பாதிக்கும் குறைவுதான் மார்பில் விழுகிறது. சட்டை வெள்ளைதான், ஆனாலும் படத்தில் அது வெள்ளையாக வராது, வரவும் கூடாது.

பார்த்து வரைவதற்கான ரெஃபரன்ஸ் படத்தை மொபைலில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்றைய மொபைல் கேமராக்கள் வெவ்வேறு எக்ஸ்போஷரில் (கேமரா உள்வாங்கும் ஒளியின் அளவு) பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, நிழலைத் தூக்கி வெளிச்சத்தைத் தணித்துவிடுகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஒளி-நிழல் படிக்கிறவருக்கு உதவாது. நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய பள்ளத்தை அது நிரவிவிடுகிறது. அதனால் இந்த வேலையைச் செய்யும் எச்டிஆரையும் நைட் மோடையும் அணைத்தேன். தாடியின் வெளிச்சப் பக்கத்தை விரலால் தொட்டு எக்ஸ்போஷரைப் பூட்டி, அங்கே முடி இழைகள் வெளுத்துப் போகாத அளவுக்குக் குறைத்தேன். நிழலில் கொஞ்சம் விவரம் போனால் போகட்டும். நேரில் பார்க்கும்போதும் நிழலுக்குள் நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

திரையில் நைட் லைட்டையும், தானாகப் பிரகாசத்தை மாற்றும் வசதியையும் நிறுத்தினேன். கேன்வாஸ் முழுக்க 45 அளவுள்ள சாம்பல். வெள்ளைக் கேன்வாஸில் ஆரம்பித்தால் எந்தச் சாம்பலை வைத்தாலும் இருட்டாகத் தெரியும், கை தானாக வெளிறலாகவே போட்டுக்கொண்டு போகும். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் கண் ஒரு நிறத்தை எடைபோடுகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல் 1839-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார். நடுச்சாம்பலில் ஆரம்பித்தால் மேலே போகவும் கீழே போகவும் சம இடம் இருக்கிறது.

அடுத்து, ரெஃபரன்ஸ் படத்தைச் சாம்பலாக்குவது. இங்கே பலர் கலர் பிக்கரில் உள்ள பிரகாச எண்ணை நம்பிவிடுகிறார்கள். நிறம், செறிவு, பிரகாசம் என்ற மூன்று எண்களால் வண்ணத்தைச் சொல்லும் எச்எஸ்வி முறையில் சுத்த மஞ்சளுக்கும் சுத்த நீலத்துக்கும் அந்த எண் 100 தான். ஆனால் திரை வெள்ளையின் ஒளிர்வில் மஞ்சள் ஏறக்குறைய 93 விழுக்காடு, நீலம் 7 விழுக்காடு. நம் கண் பச்சைக்குத்தான் அதிகம் மசிகிறது. எச்டி திரைகளுக்கான பிடி.709 தர அளவின்படி ஒளிர்வில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பு 0.2126, நீலம் வெறும் 0.0722. தோல் நிறங்கள் சிவப்புச் சார்ந்தவை என்பதால் முகம் வரைகிறவரை இது நேரடியாகவே பாதிக்கும். சிவப்பு 150, பச்சை 90, நீலம் 60 உள்ள ஒரு பழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எச்எஸ்வி அதை 59 என்று காட்டும். உண்மையான ஒளிர்வுக்குச் சாம்பலாக்கினால் 40 வாக்கில் வரும். முகத்தில் 19 என்பது சின்ன வித்தியாசமே இல்லை, கன்னம் நிழலுக்குள் போய்விடும் தூரம்.

கிரிட்டாவில் படத்துக்கு மேலே ஒரு ஃபில்டர் லேயர் போட்டு, நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கும் டீசாச்சுரேட் ஃபில்டரில் லூமினாசிட்டி பிடி.709 என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கண் ஐகானை அழுத்தி வேண்டும்போது பார்க்கலாம், வேண்டாதபோது மறைக்கலாம். இந்த லேயரைக் கடைசி வரை அழிக்கவில்லை.

வெளிச்சம் ஒரு கட்சி, நிழல் ஒரு கட்சி

கோட்டோவியம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலையின் சாய்வு, கண் கோடு, மூக்கின் அடி, தாடியின் வெளிவடிவம், அவ்வளவுதான். அதன் மேலே ஒரு புது லேயரில் லேசோவை எடுத்து, நிழலில் இருப்பதை எல்லாம் ஒரே அளவில், 25-இல் நிரப்பினேன். வெளிச்சத்தில் இருப்பதெல்லாம் 55. தோல், தாடி, சட்டை என்று பிரித்துப் பார்ப்பதே கிடையாது. விளக்கு அந்த இடத்தைப் பார்க்கிறதா, பார்க்கவில்லையா என்ற ஒரே கேள்வி.

நெற்றியிலும் மூக்கு முதுகிலும் இதற்கு உடனே பதில் கிடைக்கும். புருவ எலும்புக்கு அடியில் யோசிக்க வேண்டியிருக்கிறது. விளக்கு மேலே இருப்பதால் இடக் கண்குழியின் மேற்பாதி நிழல், இமையின் முன்புறம் வெளிச்சம். மூக்கின் வலப்பக்கம் முழுக்க நிழல். அந்த நிழல் வலக் கன்னத்தில் இறங்கி, கன்ன எலும்பைத் தாண்டி வரும் நிழலோடு சேர்ந்து, நடுவில் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன வெளிச்ச முக்கோணத்தை விட்டுவைக்கிறது. ஓவியர் ரெம்பிராண்ட் பெயரால் புகைப்படக்காரர்கள் சொல்லும் ஒளியமைப்பு இதுதான். அந்த முக்கோணத்தின் வடிவத்துக்கு நிறைய நேரம் கொடுத்தேன். அதன் கீழ் முனை ஒரு நூல் இறங்கினாலும் கன்னம் ஒட்டிப்போன மாதிரி ஆகிவிடுகிறது. மேலே ஏறினால் ஆள் இளைஞராகிவிடுகிறார்.

நடுத்தரமாகத் தெரியும் இடங்களையும் இரண்டில் ஒரு பக்கம் தள்ளியே ஆக வேண்டும். வலப்பக்க நெற்றி மடங்கும் இடம் அப்படிப்பட்டது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நிழலோடு கலந்தது, நிழலில் சேர்த்தேன். தாடையின் அடியில் வெள்ளைச் சட்டையின் எதிரொளி பட்டுக் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. கண்ணைச் சுருக்கினால் அதுவும் நிழலுக்குள் அடங்கியது. எதிரொளி நிழல் கட்சியைச் சேர்ந்தது. அதை வெளிச்சத்தில் சேர்த்தால் அன்றோடு தாடை முன்பக்கம் துருத்திக்கொண்டு வந்துவிடும்.

பின்னணியையும் நிழலின் அளவுக்கே, 25-க்கே இறக்கினேன். வலக் காதும் தலையின் வல விளிம்பும் பின்னணியில் கரைந்து போயின. கோடு போட்டு அதை மீட்கத் தோன்றும், தொடாமல் விட்டேன். பார்க்கிறவர் கண் அந்த விளிம்பைத் தானே போட்டுக்கொள்ளும். ஜூமைக் குறைத்துத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தபோது, கண்ணோ வாயோ இல்லாத இரண்டே சாம்பல்களில் அவர் முகம் தெரிந்தது. எம் விசையை அழுத்தி இடவலம் திருப்பியும் பார்த்தேன். இந்தக் கட்டத்தில் ஆளை அடையாளம் தெரியாவிட்டால் மேலே எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் தெரியாது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் மொத்த வேலையில் பெரிய பங்கை இங்கேயே செலவழித்தேன்.

நான்கு எண்கள்

இப்போது தோலையும் தாடியையும் பிரிக்க வேண்டும். சாம்பலாக்கிய ரெஃபரன்ஸில் பெரிய பகுதிகளைச் சற்று மங்கலாக்கி, பிக்கரால் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். மங்கலாக்காமல் தொட்டால் ஒரு முடி இழையின் எண்ணோ ஒரு தோல் துளையின் எண்ணோதான் வரும்.

வெளிச்சத்தில் தாடி 85. வெளிச்சத்தில் நெற்றித் தோல் 52. நிழலில் தாடி 40. நிழலில் தோல் 23.

மூன்றாவது எண்ணைப் பாருங்கள். நிழலில் இருக்கும் நரைத்த தாடி, வெளிச்சத்தில் இருக்கும் கறுத்த நெற்றியைவிட இருட்டு. கணக்குப் போட்டால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. திரை எண்களை ஒளியளவாக மாற்றினால், இந்தத் தாடி தோலைப்போல மூன்று மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நிழல் பக்கத்துக்கு வந்து சேரும் ஒளியோ வெளிச்சப் பக்கத்துக்கு வருவதில் ஐந்தில் ஒன்று. ஐந்தில் ஒன்றை மூன்றால் பெருக்கினாலும் ஒன்றை எட்டவில்லை, ஐந்தில் மூன்றுதான். ஓர் இடத்தின் வேல்யூ அந்தப் பொருளின் சொந்த நிறமும் அதன்மேல் விழும் ஒளியும் சேர்ந்த பெருக்குத்தொகை. வரைகிற கைக்குப் பொருளின் நிறம் மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது. தாடி வெள்ளை என்று மனம் சொல்லும், கை வெள்ளையை எடுக்கும், முகத்தின் நிழல் பக்கம் உடைந்து போகும்.

நிழல் பக்கத் தாடியை 40-இல் நிரப்பிக்கொண்டிருந்தபோது பெரியப்பா பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"ஏம்ப்பா, எனக்குத் தாடி முழுசா நரைச்சுப் போச்சு. நீ என்ன கரியைப் பூசி வச்சிருக்க?"

"கொஞ்சம் பொறுங்க பெரியப்பா, பக்கத்துல தோலைப் போட்டுடறேன்."

நிழல் தோலை 23-இல் நிரப்பினேன். "ம், இப்ப சரியா இருக்கு. என்ன மாத்துன?" என்று கேட்டார். தாடியில் நான் எதையுமே மாற்றவில்லை. பக்கத்தில் அதைவிட இருண்ட தோல் வந்ததும் அதே 40 நரையாகத் தெரிய ஆரம்பித்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஏடல்சன் 1995-இல் வெளியிட்ட சதுரங்கக் கட்டப் படத்தில் நடப்பதும் இதேதான். உருளையின் நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் ஒரே சாம்பல். நேருக்கு நேர் வைத்துக் காட்டினாலும் நம்ப முடியாது. நிழலைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தைச் சொல்வதுதான் மூளையின் வேலை. பார்க்கிறவரின் மூளை அந்தக் கழித்தலைச் செய்ய வேண்டுமென்றால், வரைகிறவர் நிழலைக் கழிக்காமல் அப்படியே வைக்க வேண்டும்.

சட்டையின் வெளிச்சப் பக்கம் 60 வாக்கில் வந்தது. விளக்கின் தூரத்தை வைத்துப் போட்ட கணக்கும் அதைத்தான் சொன்னது. தாடி 85-இல் இருப்பதால் பார்வை முகத்திலேயே நிற்கிறது, சட்டைக்கு இறங்குவதில்லை.

திரும்பும் இடங்கள்

நான்கு தட்டையான சாம்பல்களுக்கு நடுவே ஹாஃப்டோன்களைச் சேர்க்கும் கட்டம். வெளிச்சப் பக்கத்தில் தோல் விளக்கைவிட்டுத் திரும்பத் திரும்ப எப்படி இருட்டிக்கொண்டு போகிறது என்பதைத்தான் ஹாஃப்டோன் காட்டுகிறது. பெரிய ஏர்பிரஷை எடுத்து வெளிச்சத்திலிருந்து நிழல்வரை ஒரே சீராக இழுத்துவிட்டால் முகம் பொம்மையாகிவிடும். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

பளபளப்பில்லாத ஒரு பரப்பின்மீது விழும் ஒளி, அது விளக்கைவிட்டு எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறதோ அதன் கோசைனுக்கு ஏற்ப அமையும். லாம்பர்ட் விதி என்பது இதுதான். வெள்ளைச் சுண்ணத்தில் செய்த ஒரு தலையை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கை நேராகப் பார்க்கும் இடம் திரையில் 100 என்றால், 30 டிகிரி திரும்பிய இடம் 94, 60 டிகிரியில் 74, 75 டிகிரியில் 55, 85 டிகிரியில் 33. முதல் 30 டிகிரிக்கு வெறும் 6 தான் குறைகிறது. 75-க்கும் 85-க்கும் நடுவிலுள்ள 10 டிகிரிக்குள் 22 சரிகிறது. வெளிச்சப் பக்கம் ஏறக்குறையத் தட்டையாக, ஒரு மேட்டு நிலம் மாதிரி போய், நிழல் விளிம்புக்கு வந்ததும் மளமளவென்று இறங்க வேண்டும். பெரியப்பாவின் நெற்றியில் 52 நேர் பார்வை என்றால், 60 டிகிரி திரும்பியும் 38 தான். அந்த 38-ஐ நெற்றியின் நடுவிலேயே போட்டுவிடாமல், நிழல் விளிம்புக்கு ஒட்டிய ஒரு பட்டையாக வைத்தேன். நெற்றி எலும்பு உடனே தெரிந்தது.

இதற்கு ஹார்டு ரவுண்ட் பிரஷே போதும். பேனாவின் அழுத்தத்துக்கு ஓபாசிட்டியை (தீற்றல் அடியில் உள்ளதை எவ்வளவு மறைக்கிறது என்பதை) இணைத்து, ஒவ்வொரு தளத்தையும் ஒரு தட்டையான தீற்றலாக வைத்தேன். கிரிட்டாவில் எல் விசை கையில் உள்ள நிறத்தை வெளிறவைக்கும், கே விசை இருட்டாக்கும். மிக்சரைத் தேடாமல் ஒரு படி ஏறி இறங்க இது வசதி. தீற்றல்கள் நன்றாகத் தெரியட்டும். தலையைத் தட்டையான தளங்களாகச் செதுக்கிக் காட்டும் ஜான் அசாரோவின் சிலையை முப்பரிமாண மாதிரியாக இன்னொரு சாளரத்தில் திறந்து, விளக்கை அதே பக்கம் நகர்த்தி ஒப்பிட்டுக்கொண்டேன். வயதானவர் முகத்தில் தளங்கள் ஏற்கனவே பிரிந்திருப்பதால் கை தடுமாறாது.

நிழல் விளிம்பு எங்கே கூர்மை, எங்கே மென்மை என்பது இதற்கு அடுத்த கேள்வி. நெற்றியின் உருண்டையில் விளிம்பு விரல் அகலத்துக்கு மெதுவாக மாறுகிறது. மூக்குத் தண்டில் எலும்பு சட்டென்று திரும்புவதால் அங்கே விளிம்பு கிட்டத்தட்ட வெட்டு. மூக்கு கன்னத்தில் விழுத்தும் நிழலோ மூக்கோடு ஒட்டிய இடத்தில் கூர்மையாக ஆரம்பித்து, தள்ளிப் போகப் போகப் பிசிறி மென்மையாகிறது. விளக்கின் குமிழ் பெரிதாக இருந்தால் இந்தப் பிசிறல் இன்னும் கூடும். ஒரே நிழலின் இரண்டு முனைக்கும் இரண்டு விதமான விளிம்பு வைத்தபோது மூக்கு கன்னத்திலிருந்து எழும்பி நின்றது. இதைச் செய்ய, நிறத்தைத் தேய்த்துக் கலக்கும் ஸ்மட்ஜ் கருவி தேவையில்லை. நடு அளவு ஒன்றை எடுத்து விளிம்பின் மீது இரண்டு தீற்றல்.

தோல் விஷயத்தில் நான் விடாமல் பிடித்துக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. ஒரே பொருளுக்குள், வெளிச்சப் பக்கத்தின் மிக இருண்ட ஹாஃப்டோன்கூட நிழல் பக்கத்தின் மிக வெளிறிய எதிரொளியைவிட வெளிச்சமாக இருக்க வேண்டும். தோலுக்கு வெளிச்சத்தின் தரை 34, நிழலின் கூரை 29 என்று வரம்பு போட்டுக்கொண்டேன். தாடையடி எதிரொளி 28. சட்டையிலிருந்து வருவதால் கீழ்நோக்கிய தளங்களில் மட்டும்தான் அது படுகிறது: தாடையின் அடி, மூக்கின் அடி, புருவ எலும்பின் அடி. மூக்குத் துவாரம், இமை மடிப்பு, சட்டைக் கழுத்துப்பட்டை கழுத்தைத் தொடும் இடம் போன்றவற்றுக்கு எந்த ஒளியும் எட்டாது. படத்தில் 10-க்குக் கீழே இறங்கியது இந்த இடுக்குகளும் கண்மணியும் மட்டும்தான்.

கண்

கண்ணின் வெள்ளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகம் வரைகிறவர்களைச் சோதிப்பது இந்தச் சின்ன இடம்தான்.

விழி ஒரு உருண்டை, ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது, மேலே இமை கூரை போட்டிருக்கிறது. வெளிச்சப் பக்கக் கண்ணில்கூட விழிவெள்ளை ரெஃபரன்ஸில் 48 தான் காட்டியது, நெற்றித் தோலைவிடக் குறைவு. அதற்கும் மேலே, மேல் இமை விழுத்தும் நிழல் ஒரு மெல்லிய பட்டையாக விழிமேல் குறுக்கே ஓடுகிறது, அங்கே 30. மூக்குப் பக்க மூலையில் 36, வெளிமூலையில் 40, நடுவில் கருவிழியை ஒட்டி 48. இப்படி உருண்டையாகத் திருப்பினால்தான் விழி குழிக்குள் உட்காருகிறது. நிழல் பக்கக் கண்ணில் வெள்ளை 27, சுற்றியுள்ள தோல் 21 முதல் 23. நான்கு முதல் ஆறு புள்ளி வித்தியாசத்திலேயே அது விழிவெள்ளை என்று தெளிவாகப் படிக்க முடிகிறது.

கருவிழியும் கண்மணியும் வெளிச்சப் பக்கத்தில் 14, 8. வயதானவர்களின் கருவிழி ஓரத்தில் சிலருக்கு வெளிறிய வளையம் இருக்கும், இவருக்கும் உண்டு. அதை 30-இல் ஒரு பிறைபோல வைத்தேன், முழு வளையமாகப் போடவில்லை. மேல்பாதி இமை நிழலுக்குள் போய்விடுகிறது. கீழ் இமையின் மேல் விளிம்புக்குத் தடிமன் இருக்கிறது, அது விளக்கைப் பார்த்து நிற்கிறது. அங்கே 50-இல் ஒரு கோடு. அந்த விளிம்பு விழியைத் தொடும் இடத்தில் ஈரத்தின் மினுக்கம் 70-இல் இரண்டு புள்ளிகள். விளக்கின் பிம்பம் இடக் கண்ணில் 92, வலக் கண்ணில் புருவ எலும்பு மறைப்பதால் பிம்பமே இல்லை. வலக் கண்ணிலும் ஒரு புள்ளி வைத்துவிடலாமா என்று கை பரபரக்கும். வைக்கக் கூடாது. வைத்தால் விளக்கு எங்கே இருக்கிறது என்ற கதையே குழம்பிவிடும்.

கறுத்த தோலில் ஹைலைட்

தோலிலிருந்து ஒளி இரண்டு வழியில் கண்ணுக்கு வருகிறது. ஒரு பகுதி தோலுக்குள் போய், மெலனினாலும் இரத்தத்தாலும் நிறம்பெற்றுச் சிதறி வெளியே வருகிறது. இன்னொரு பகுதி உள்ளே போகாமல் மேற்பரப்பின் எண்ணெய்ப் படலத்திலேயே பட்டுத் திரும்புகிறது. நேராகப் பார்க்கும்போது இது சில விழுக்காடுதான். இரண்டாவது பகுதியைத் தோலின் நிறம் தொடுவதே இல்லை. வெளிறிய தோலிலும் கறுத்த தோலிலும் அது ஒரே அளவு. ஆனால் கறுத்த தோலில் முதல் பகுதி குறைவாக இருப்பதால் இந்த மினுக்கம் எடுப்பாகத் தெரிகிறது. கறுத்த முகங்களின் அழகே இதில்தான் இருக்கிறது என்பேன்: வடிவத்தைச் சொல்லும் பெரும்பொறுப்பை ஹைலைட்டே எடுத்துக்கொள்கிறது.

வெளிறிய தோலுக்கான பாடங்களைப் பார்த்துப் பழகியவர்கள் கறுத்த முகத்துக்கும் ஹாஃப்டோன்களையே வெளிறவைத்து வடிவம் காட்டப் பார்ப்பார்கள். அப்போது தோல் சாம்பல் பூத்துப்போகும். நெற்றி முழுவதையும் 52-இலிருந்து 62-க்கு ஏற்றுவதைவிட, 52-இலேயே விட்டுவிட்டு நெற்றி மேட்டில் 74-இல் சிறிய, தெளிவான ஒரு மினுக்கம் வைப்பது சரி. மூக்கு நுனியில் 80, கன்ன எலும்பில் 68, கீழுதட்டில் 64. நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றின் மேல் மேட்டிலும் துண்டு துண்டாக மினுக்கம், கீழ்ப் பள்ளத்தில் 40. ஹைலைட்டின் இடம் பார்க்கிறவர் நிற்கும் இடத்தையும் பொறுத்தது. விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவில், இரண்டுக்கும் சரிபாதிக் கோணத்தில் நிற்கும் தளத்தில்தான் அது விழும். வெளிச்சப் பகுதியின் நடு மையத்தில் வைத்தால் பொருந்தாது. கொஞ்சம் பார்க்கிறவர் பக்கம் நகர வேண்டும்.

தாடியில் ஹைலைட் என்று தனியாக ஒன்றும் போடவில்லை. பெரிய கற்றைகளாகப் பிரித்து ஒவ்வொரு கற்றைக்கும் வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் கொடுத்தேன். தனி இழைகள் வெளி விளிம்பில் மட்டும், அதிலும் நிழல் பின்னணிக்கு எதிரே வரும் சில மட்டும்.

வண்ணம் ஏற்றியபோது

சாம்பல் ஓவியத்துக்கு மேலே ஒரு லேயரை கலர் மோடில் வைத்து நிறம் போட்டால், நிறம் மட்டும் மாறி வேல்யூ அப்படியே நிற்க வேண்டும். கிரிட்டாவில் இந்த மோடு எச்எஸ்வி, எச்எஸ்எல், எச்எஸ்ஐ, எச்எஸ்ஒய் என்று நான்கு குடும்பங்களில் இருக்கிறது. எச்எஸ்ஒய் குடும்பத்தில் உள்ளதுதான் ஒளிர்வைக் காப்பாற்றும். முதலில் சொன்ன மஞ்சள்-நீலக் கதை இங்கேயும் பொருந்தும், எச்எஸ்வி வகையை எடுத்தால் சிரமப்பட்டு வைத்த அளவுகள் நகர்ந்துவிடும்.

ஆனால் இந்த மோடு அடித்தளத்துக்கு மட்டும்தான். முழுக்க அதிலேயே முடித்தால் பழைய கறுப்பு-வெள்ளைப் படத்துக்குச் சாயம் பூசிய மாதிரி இருக்கும். தோலில் வெளிச்சம் நிழலுக்குள் நுழையும் விளிம்பில், உள்ளே சிதறி வரும் ஒளியால் சிவப்புக் கூடும். காது மடலிலும் மூக்கு ஓரத்திலும் இது இன்னும் அதிகம். வெளிச்சப் பக்கத் தோலுக்கு ஆரஞ்சு சார்ந்த பழுப்பு, விளிம்பில் செம்பழுப்பு, நிழலுக்குள் நிறம் அடங்கிய ஊதாப் பழுப்பு என்று புது லேயரில் சாதாரண மோடிலேயே பூசினேன். ஹைலைட்டுகளுக்குத் தோல் நிறத்தைத் தரவில்லை, விளக்கின் இளமஞ்சள்தான். நிழல் தாடிக்குப் பெயரளவுக்கு நீலம் கலந்த சாம்பல். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் டீசாச்சுரேட் லேயரைத் திறந்து பார்த்தேன். விளிம்பில் சிவப்புச் சேர்த்த இடங்களில் அளவு 3, 4 புள்ளி இறங்கியிருந்தது. நிறம் கூடும்போது கண் அதை வெளிச்சம் கூடியதாக எடுத்துக்கொள்வதால் இது வெறும் பார்வைக்குத் தெரிவதில்லை. பச்சையைத் துளி ஏற்றியதும் நிறம் கெடாமல் அளவு மேலே வந்தது. ஒளிர்வில் பச்சையின் பங்கு 0.7152 என்பதை இந்த இடத்தில் கையால் உணரலாம்.

இதே முகத்தை அடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வரையப் போகிறேன். சுவர்களெல்லாம் ஒளியைத் திருப்பி அனுப்பும் வெளிறிய அறை, நிழல் பக்கத்துக்கும் பாதி ஒளி வந்து சேரும் என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்றைப் பாதியாக்கினால் ஒன்றரை, ஒன்றைத் தாண்டிவிடுகிறது. வெளிச்சத் தாடி 85, நிழல் தாடி 62, வெளிச்ச நெற்றி 52, நிழல் தோல் 38. நடு இரண்டும் இடம் மாறிவிட்டன. விளக்கொளியில் முகம் வெளிச்சப் பாதி, நிழல் பாதி என்று பிளந்தது. ஜன்னலில் வெள்ளைத் தாடி, கறுத்த தோல் என்று பிரியும். அதனால் அந்தப் படத்தில் லேசோ முதலில் வெட்டப்போவது தாடியின் வெளிவடிவத்தை, நிழலை அதற்குப் பிறகுதான்.